ஒரே வத்தையில் போன இரண்டு பேர்

எங்கள் வீட்டில் செபமாலை சொல்லாமல் சோறு கிடையாது. இதைப் பெரிய பக்தி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வயிறு நிறைந்துவிட்டால் எல்லாரும் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிடுவோம் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால் குழம்பு கொதித்து இறங்கி, வாசனை மூக்கைத் துளைக்கிற நேரம் பார்த்து மாதா படத்துக்கு முன்னால் எல்லாரையும் முழங்கால் போட வைப்பாள். சின்ன வயசில் நான் சொன்ன அருள் நிறை மந்திரமெல்லாம் பாதி மாதாவுக்கு, பாதி அடுப்படியில் மூடி வைத்திருந்த சட்டிக்கு.

மண்டபத்துக்கு மேற்கே, வடகடல் ஓரத்தில், வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள் மட்டும் இருந்த ஒரு சின்னக் குடியிருப்பு எங்களுடையது. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எங்கள் வீடும் அய்யாவின் தங்கச்சி வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நடுவில் ஓர் ஓலைத் தட்டிதான். அத்தைக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலம் ஆனால் அத்தையும் மாமாவும் செபத்துக்கு எங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். செபமாலையின் ஐந்து பத்துக்கும் ஐந்து பேர். முதல் பத்து அய்யா, இரண்டாவது மாமா, மூன்றாவது அண்ணன், நாலாவது அம்மா, ஐந்தாவது அத்தை. பத்தைச் சொல்கிறவர் ஒவ்வொரு மந்திரத்திலும் முதல் பாதியைச் சொல்ல வேண்டும். ‘அர்ச்சியசிஷ்ட மரியாயே’ என்று தொடங்குகிற மறுபாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும். எனக்கென்று பத்து கிடையாது. நான் மறுபாதியில் கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறவள். வேதக்காரி இப்படிச் சொல்லக்கூடாதுதான்.

மாமா தன் பத்தைப் பாம்பன் பாலத்தில் ரயில் போகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவிச் சொல்வார். அண்ணனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மந்திரத்தை வாய்க்குள் போட்டு மென்று விழுங்கிவிட்டு, பத்தாவது மணி வருவதற்கு முன்பே திரித்துவத் தோத்திரத்துக்குத் தாவிவிடுவான்.

“ஏலே, ஒம்பதுதான்டா ஆச்சு” என்பாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

“நீ ஒறக்கத்துல ஒண்ண விட்டுட்ட. அதுக்கு நான் என்ன செய்ய?” என்பான் அவன்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அய்யா இருமுவார். அவருக்கும் சிரிப்புதான், வெளியே காட்டமாட்டார்.

எனக்குப் பிடித்தது செபமாலைக்குப் பிறகு வருகிற தேவமாதா பிரார்த்தனை. மாதாவுக்குத்தான் எத்தனை பேர்கள்! தந்தமயமான உப்பரிகையே, சொர்ணமயமான ஆலயமே, விடியற்காலத்தின் நட்சத்திரமே. உப்பரிகை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, எங்கள் குடியிருப்பில் யாருக்கும் தெரிந்திருக்காது. மழைக்கு ஒழுகுகிற ஓலைக்குடிசைக்குள் முழங்கால் போட்டுக்கொண்டு உப்பரிகையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்கும் பிறகு, கடைசியாக இரண்டு செபம். ‘கடலில் இருக்கிறவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம்’ என்று ஒருவர் தொடங்குவார். அது முடிந்ததும் ‘மரித்தவர்களின் ஆத்துமாக்களுக்காக’ என்று இன்னொருவர் தொடங்குவார். இதற்கு ‘நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்குத் தந்தருளும் சுவாமி’ என்று வரும். இந்த இரண்டையும் பற்றி எங்கள் கரையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடலுக்குப் போயிருக்கிறவன் பேர் தவறிக்கூட இரண்டாவது செபத்தில் வரக்கூடாது. உயிரோடு இருக்கிறவனுக்கு இளைப்பாற்றி சொல்லிவிட்டால் அவன் கரை வந்து சேரமாட்டான் என்பார்கள். ஞானோபதேசப் புத்தகத்தில் இப்படி ஒன்றும் கிடையாது. சாமியார் காதில் விழுந்தால் அஞ்ஞானம் என்று திட்டுவார். ஆனாலும் எந்த வீட்டிலும் யாரும் அதை மீறியதில்லை.

ஆடிக் கடைசியில், எங்கள் கோயில் மோட்சராக்கினி மாதா திருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது, மாமாவும் அண்ணனும் ஒரே வத்தையில் போனார்கள். வத்தை என்றால் பாய் கட்டின சின்ன மரக்கலம், இரண்டு பேர் போதும். அய்யாவுக்கு அன்று காய்ச்சல், இல்லாவிட்டால் அவர்தான் மாமாவோடு போயிருப்பார். மத்தியானம் திரிகால செபத்துக்கு மணி அடித்து முடிகிற நேரத்தில் கச்சான் காற்று எழும்பியது. மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அது. கரையில் நிற்கிறவர்களுக்குக் கடல் சும்மா கிடப்பது போலத் தெரியும், வெளியே இருக்கிறவர்களை இலங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். அம்மா கூரையில் செருகி வைத்திருந்த குருத்தோலையை எடுத்துக் கொளுத்தினாள். குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையின் புகைக்குக் காற்று அடங்கும் என்பது நம்பிக்கை. காற்று அடங்கத்தான் செய்தது, மறுநாள் விடிந்த பிறகு. மற்ற வத்தைகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவர்களுடையது வரவில்லை.

வத்தைக்கு முதலாளி ஒரு மரைக்காயர். அவர் ஆள் விட்டுத் திருப்பாலைக்குடி வரைக்கும் கரையோரமாகத் தேடச் சொன்னார். அவர் வீட்டுப் பெண்கள் துஆ கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். இராமேசுவரம் பக்கம் போனவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதற்குள் திருநாள் வந்துவிட்டது. சப்பரம் தூக்க இரண்டு ஆள் குறைகிறதே என்று யாரோ கோயில் வாசலில் நின்று பேசினார்கள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அத்தை கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்தாள். பிறகு தாலியைக் கழற்றி மாதா படத்துக்கு அடியில் வைத்துவிட்டு, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, சாமியார் வந்தபோது மாமாவுக்காகப் பூசை வைக்கச் சொன்னாள். அண்ணனையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்க அம்மாவிடம் வந்தாள்.

“ஒம்புருசனுக்கு நீ என்னமும் செஞ்சுக்க தாயி. எம்மகன் பேர அதுல சேக்காத” என்றாள் அம்மா.

“மதினி, ஒரே வத்தையிலதான போனாக ரெண்டு பேரும்?”

“போனா? அவன் நீந்துவான். வயசுப் புள்ள. எங்கயாவது இலங்கைக் கரையில ஏறியிருப்பான். வருவான்.”

அத்தை அதற்குப் பிறகு எங்கள் பக்கம் செபத்துக்கு வரவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து ஐந்து பத்தையும் அவளே சொல்லி, மறுபாதியையும் அவளே சொல்லி, கடைசியில் மாமாவுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்பாள். அந்தச் சத்தம் எங்கள் பக்கம் வராமல் இருக்க அம்மா தொண்டையை உயர்த்துவாள். இப்படியாக, ஒரே வத்தையில் போன இரண்டு பேரில் ஒருவர் செத்துப்போனார், இன்னொருவன் உயிரோடு இருந்தான்.

மாமாவின் பத்தை அய்யா எடுத்துக்கொண்டார், அத்தையின் பத்தை எனக்குக் கொடுத்தார்கள். அண்ணனின் பத்தை மட்டும் யாரும் தொட அம்மா விடவில்லை. அந்த மூன்றாவது பத்து வரும்போது முதல் பாதியை யாரும் சொல்லமாட்டோம். அவன் சொல்லி முடிக்கிற நேரம் வரைக்கும் சும்மா இருப்போம். பிறகு அம்மா மணியை நகர்த்துவாள், நாங்கள் மூன்று பேரும் ‘அர்ச்சியசிஷ்ட மரியாயே’ என்று மறுபாதியைச் சொல்லுவோம். மறுபடி சும்மா இருப்போம். அவன் வேகமாகச் சொல்கிறவன் என்பதால் அம்மா அந்த இடைவெளியைக்கூடக் குறைவாகத்தான் விடுவாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். பக்தியால் அல்ல, பயத்தால்.

மாதம் ஒருதரம் பூசைக்கு வருகிற சாமியாருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷர்தான், சத்தம் போடவில்லை.

“பாதி செபம் செபமாகுமா அம்மா?” என்றார்.

“பாதிய அவன் அங்கன சொல்லிக்கிட்டு இருக்கான் சாமி. மிச்சத்தத்தான் நாங்க சொல்றோம்.”

சாமியார் அங்கேயே உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஒருவேளை அவன் இறந்திருந்தால், உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படுகிற ஆத்துமாவுக்கு வீட்டாரின் செபம்தான் தண்ணீர். பெற்ற தாயே அதைக் கொடுக்காமல் இருக்கலாமா? அம்மா அவர் காலைப் பார்த்தபடியே நின்றாள். “உசுரோட இருக்கிறவனுக்கு எப்படி சாமி நான் அதச் சொல்றது?” என்று மட்டும் கேட்டாள். அவர் எழுந்து போய்விட்டார்.

உத்தரிக்கிற ஸ்தலம் எனக்கு நன்றாகத் தெரியும். கோயில் பக்கச் சுவரில் அதன் படம் மாட்டியிருந்தது. இடுப்பளவு தீக்குள் நின்றுகொண்டு ஆணும் பெண்ணும் கையை மேலே நீட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த முகங்களில் அண்ணனைத் தேடினேன். இளைப்பாற்றி சொன்னால் அவனை நாங்களே கொன்றதாகிவிடும். சொல்லாமல் இருந்தால், அவன் செத்திருந்தால், அவன் அங்கே வெந்துகொண்டிருப்பான். அந்த வயசில் இந்தக் கணக்கை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் எனக்கு விடை வரவில்லை. இப்போதும் வரவில்லை. இப்படி ஒரு கணக்கைக் குழந்தைகளுக்குப் போட்டுக் கொடுத்த பெரியவர்களை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நவம்பரில் கல்லறைத் திருநாள். கடலில் போனவர்களுக்குக் கல்லறை இல்லை என்பதால் அவர்கள் வீட்டார் கரை மணலில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். அத்தை ஒருத்தியாகப் போய் மாமாவுக்கு ஏற்றினாள். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினாள். நான் உதவிக்குப் போகப் பார்த்தேன். அம்மா என் சடையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தாள்.

தவக்காலத்தில் கச்சத்தீவில் அந்தோனியார் திருநாள் வந்தது. இந்தக் கரைக்காரர்களும் இலங்கைக் கரைக்காரர்களும் அங்கே கூடுவார்கள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். எங்கள் வீட்டில் ஊசி தொலைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். அம்மா அதுவரை செவ்வாய் தவறாமல் ஒருசந்தி இருந்து, ஒருவேளை மட்டும் சாப்பிட்டு வந்தாள். அய்யா, அம்மா, நான், அத்தை நாலு பேரும் இராமேசுவரத்தில் தோணி ஏறினோம். அம்மா முன்னால் அணியத்தில் உட்கார்ந்தாள், அத்தை பின்னால் சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தீவில் முள்ளும் கல்லும்தான். குடிக்கத் தண்ணீர் கிடையாது. பாயைக் கூடாரமாகக் கட்டிக்கொண்டு அதன் நிழலில் ஜனங்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கோயிலுக்குக்கூடப் போகாமல், இலங்கைக் கரைக்காரர்கள் இருந்த ஒவ்வொரு கூடாரமாகப் போய், “ஆடிக் கச்சானுல ஒரு வயசுப் பையன் உசுரோட ஒங்க கரையில ஏறுனானா?” என்று கேட்டாள். அவர்கள் இல்லை என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அம்மா அடுத்த கூடாரத்துக்கு நகர்ந்ததும், பின்னாலேயே வந்த அத்தை அதே ஆட்களிடம், “பிரேதம் ஏதும் ஒதுங்குச்சா?” என்று கேட்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன். மாதாவே, எந்தக் கேள்விக்கும் யாரும் பதில் சொல்லிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

பதில் வந்தது அத்தையின் கேள்விக்குத்தான். நெடுந்தீவுக்காரி ஒருத்தி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

“வத்தை ஒண்டும் வரேல்லை அக்கா. ஒரு பிரேதம்தான் ஒதுங்கினது. முகம் தெரியேல்லை. கழுத்தில உத்தரியம் கிடந்தபடியால் எங்கட வேதக்காரர் எண்டு கோயிலடியில அடக்கம் செய்தனாங்கள்.”

அவள் புருஷன் ஒரு துணி முடிச்சை அவிழ்த்து உத்தரியத்தை எடுத்தார். திருநாளில் யாராவது தேடி வந்தால் காட்டலாம் என்று எடுத்து வைத்து, கையோடு கொண்டுவந்திருந்தார்கள். நல்லவர்கள். அவர்கள் அத்தனை நல்லவர்களாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

உத்தரியம் என்பது மாதா பேரில் கழுத்தில் போடுகிற பழுப்புத் துணித் துண்டு. நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று, நடுவில் கயிறு. அதைப் போடாமல் எங்கள் ஆட்கள் கடலில் கால் வைக்கமாட்டார்கள். மாமாவும் போட்டிருந்தார், அண்ணனும் போட்டிருந்தான். அண்ணனுடையது ஓரம் பிரிந்தபோது பழுப்பு நூல் கிடைக்காமல், என் பழைய பாவாடைக் கரையிலிருந்து பச்சை நூல் உருவி அம்மா தைத்துக் கொடுத்தாள். “மாதா உத்தரியத்துக்குப் பச்சை நூலா மதினி? இவன் கடலுக்குப் போறானா, கூத்தாடப் போறானா?” என்று கேலி செய்தது அத்தைதான். அதற்கு அவன் அத்தைக்கு முன்னால் ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினான்.

அந்த மனுஷர் கையில் இருந்த உத்தரியத்தின் ஓரத்தில் பச்சை நூல் இருந்தது. உப்பில் வெளுத்திருந்தாலும் பச்சை பச்சைதான். நாங்கள் நாலு பேரும் பார்த்தோம். அய்யா வாங்கக் கையை நீட்டினார், நீட்டின கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். தையலைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவினாள். பிறகு அத்தையிடம் நீட்டினாள்.

“இது ஒன் வீட்டுக்காரரோடது தாயி” என்றாள்.

அத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை நெரித்த நெரிப்பில் சத்தம் வரவில்லை. அத்தை இரண்டு கையாலும் உத்தரியத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “ஆமா மதினி. அவுகளோடதுதான்” என்று சொல்லிவிட்டு மணலில் விழுந்து அழுதாள். நெடுந்தீவுக்காரி அவளைக் கட்டிக்கொண்டு, கல்லறைத் திருநாளுக்குத் தன் கையால் திரி ஏற்றுவதாக வாக்குக் கொடுத்தாள். அய்யா கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அம்மாவின் மகன் பிழைத்துவிட்டான், அத்தையின் புருஷனுக்குக் கல்லறை கிடைத்துவிட்டது. செத்துப்போன அண்ணனுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது அம்மாவும் அத்தையும் தோணியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து அத்தை மறுபடி எங்கள் பக்கம் செபத்துக்கு வந்தாள். அந்த உத்தரியத்துக்குப் புதுக் கயிறு போட்டுத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். மூன்றாவது பத்து மட்டும் ஆளில்லாமல் அப்படியே நின்றது. கடைசியில் அம்மா ‘கடலில் இருக்கிற எம்மகனுக்காக’ என்று ஒரு பரலோக மந்திரம் தொடங்குவாள். அதற்கு அத்தை பதில் சொல்வாள். பிறகு அத்தை உத்தரியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மாமா பேரைச் சொல்லி நித்திய இளைப்பாற்றி கேட்பாள். அதற்கு எல்லாரையும்விட உரக்கப் பதில் சொன்னது அம்மாதான். ‘சமாதானத்தில் இளைப்பாறக்கடவது’ என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிடும்.

கல்லறைத் திருநாளுக்கு அம்மா இப்போது அத்தையோடு கரைக்குப் போனாள். திரி அணையாமல் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு, எரிந்து தீர்கிறவரைக்கும் அழுதாள். நாத்தனார் புருஷனுக்காக இப்படி அழுகிறாளே என்று ஊரே மெச்சியது. அது யாருடைய உத்தரியம் என்று அத்தைக்குத் தெரிந்துதான் இருந்ததா, அல்லது தெரியாது என்று தன்னையே நம்ப வைத்துக்கொண்டாளா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

எனக்கிருந்த கவலை வேறு. ஞானோபதேச வகுப்பில் சாமியாரிடம் கேட்டேன். ஒருத்தர் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டால் அது இன்னொருத்தருக்குப் போய்ச் சேருமா? யாருக்குச் சேரவேண்டுமோ அவருக்குச் சேரும், சர்வேசுரனுக்கு எல்லாம் தெரியும் என்றார் அவர். எல்லாம் தெரிந்தவருக்கு அன்றைக்குக் கச்சானை நிறுத்தத் தெரியவில்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அந்தச் செபம் அண்ணனுக்குப் போனதென்றால், எங்கேயோ அடியில் கிடக்கிற மாமாவுக்கு யார் சொன்னார்கள்? இரண்டு பேருக்கும் போகவில்லையென்றால் இத்தனை வருஷமும் நாங்கள் யாரோடு பேசிக்கொண்டிருந்தோம்?

வருஷங்கள் போயின. நான் வயசுக்கு வந்த பெண்ணானேன். அத்தைக்கு இருமல் வந்து நெஞ்சில் தங்கிவிட்டது. ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் படுக்கையில் விழுந்தாள். சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போன மத்தியானம் அம்மா அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் தலைமாட்டில் இருந்தேன். அத்தை கழுத்திலிருந்த உத்தரியத்தை விரலால் தூக்கிக் காட்டினாள்.

“மதினி, இதக் கழட்டிக்க. எங்கூட மண்ணுக்குள்ள போக வேணாம்.”

“ஒம்புருசனோடது எனக்கு எதுக்கு? கெடக்கட்டும்.”

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மூடின கண்ணோடு சொன்னாள்.

“அப்ப இனிமே அவனுக்கு யாரு சொல்லுவா மதினி?”

மாமாவைச் சொல்கிற மாதிரி அவுகளுக்கு என்று கேட்கவில்லை. அவனுக்கு என்றுதான் கேட்டாள். இத்தனை வருஷமும் மாமா பேரில் அவள் யாருக்காக வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். மறுநாள் காலையில் அத்தை போய்விட்டாள்.

பெட்டி செய்து கொண்டுவந்து கிடத்தி, சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் செபம் சொல்லி முடித்து, மூடியை எடுக்கச் சொன்னார். அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா சட்டென்று எழுந்து வந்து பெட்டிக்குள் கையை விட்டு, அத்தை கழுத்தில் கிடந்த உத்தரியத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“இது எம்மகனோடது” என்றாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. உபதேசியார், “என்ன சொல்றீக? கச்சத்தீவுல ஒங்க கையாலதான எடுத்து இவுககிட்டக் குடுத்தீக?” என்றார். அது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை.

“பொய் சொன்னேன். இது எம்மகனோடது. எம்மகன் செத்துப் போயிட்டான். அங்கன நெடுந்தீவுல கெடக்கான். இத எங்கிட்டக் குடுத்துருங்க.”

“ஆமா, பச்ச நூலு என் பாவாட நூலு! நான் பாத்தேன்” என்று நானும் கத்தினேன். ஒரு பெண் குனிந்து பார்த்தாள். அத்தையின் வியர்வையிலும் குளியலிலும் அந்த நூல் எப்போதோ வெள்ளையாகிவிட்டிருந்தது. “பாவம் புள்ள, ஆத்தா அழுகுதேன்னு எதையாவது சொல்லுது” என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். மகன் நினைப்பில் புத்தி பேதலித்துவிட்டது என்று நாலு பக்கமும் முணுமுணுப்பு. யாரோ அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அம்மா அய்யாவைப் பார்த்தாள். அங்கே இருந்தவர்களில் அவர் ஒருவர் சொன்னால் போதும். கச்சத்தீவில் உத்தரியத்தை வாங்க நீட்டி அப்படியே நின்ற கையை நான் பார்த்திருக்கிறேன், அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் பெட்டிக்குள் கிடந்தது அவருடைய கூடப்பிறந்தவள். அவள் தன் புருஷனுடையது என்று ஊரறியப் போட்டிருந்ததைச் சவத்தின் கழுத்திலிருந்து கழற்றி, இது உனக்குரியதே இல்லை என்று சொல்லிப் புதைக்க அவரால் முடியவில்லை.

“எந்தங்கச்சி அவ புருசனோட போகட்டும். வுடு” என்றார் அய்யா.

இரண்டு பெண்கள் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மூடியை வைத்து ஆணி அடித்தார்கள். அய்யாவை நான் மன்னித்தேனா என்று கேட்டால், அவர் நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மன்னிக்கவும் இல்லை.

அன்று சாயங்காலமும் செபம் நடந்தது. நாங்கள் மூன்று பேர்தான். பிரார்த்தனை முடிந்து கடைசிச் செபங்களுக்கு வந்ததும் அய்யா நிறுத்தி அம்மாவுக்காகக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். ஊர் முழுக்கக் கேட்கச் செத்துப்போனான் என்று சொல்லிவிட்டாள், இனி மறைக்க ஒன்றுமில்லை, இன்றைக்காவது அண்ணன் பேரைச் சொல்லி அவனுக்கு இளைப்பாற்றி கேட்பாள், நான் வாய்விட்டுப் பதில் சொல்லலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. அம்மா மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்றைக்கும் சொல்கிற அதே குரலில், “கடல்ல இருக்கிற எம்மகனுக்காக ஒரு பரலோக மந்திரம்” என்றாள்.

அவன் செத்தான் என்று அவள் சொன்ன ஒரே தடவை யாரும் அவளை நம்பவில்லை. அதற்குமேல் அவனை உயிரோடு வைத்திருப்பதைத் தவிர அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது? சாகிறவரைக்கும் அப்படித்தான் வைத்திருந்தாள். அவள் போன பிறகு நான் தனியாக அவனுக்கு அந்தச் செபத்தைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். அவன் பேர் வருகிற இடத்தில் நாக்கு எழும்புவதில்லை.

அம்மா கேட்ட பரலோக மந்திரத்தை மூன்று பேரும் சொல்லி முடித்தோம். பிறகு அய்யா தங்கச்சிக்கும் மச்சானுக்குமாக நித்திய இளைப்பாற்றி சொன்னார். அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சோறு போட்டாள்.